லாட்ஜ் பாத்ரூம் கிளீனிங்கைக் கான்ட்ராக்டுக்கு விட்டது: சில சீசன் தாண்டிய அனுபவம்

செங்கோட்டையில் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு அழுக்கு சீசனுக்கு ஒரு தினுசாக வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எண்ணெய். குற்றாலத்தில் மசாஜ் செய்துகொள்வார்கள், அருவிக் கூட்டத்தில் நிற்க முடியாது, மிச்சத்தை நம் பாத்ரூமில் வந்து தேய்த்துக் கழுவுவார்கள். கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு வரை ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகப் போகும் சாமிமார்கள். விபூதி, சந்தனம், நெய் எல்லாம் தரையில். இது போக எங்கள் போர் தண்ணீரின் உப்புக் கறை பன்னிரண்டு மாசமும் உண்டு.

இந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஆசிட். பழைய லாட்ஜ் எதற்குள்ளாவது போய்ப் பாருங்கள். டைல்ஸ் இருக்கும், இடுக்கில் சிமெண்ட் இருக்காது, ஆசிட் அரித்திருக்கும். பிறகு அந்தப் பள்ளத்தில்தான் அழுக்கு உட்கார்ந்து நாறும்.

கொரோனாவுக்குப் பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் ஏரியாவில் இருந்து ஒரு கம்பெனியைப் பிடித்தோம். தினசரி வேலைக்கு ஆள், மாசம் ஒரு தடவை மெஷின் வைத்து டீப் கிளீனிங். பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. மெஷினைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். இன்று கேட்டால், மெஷின் பாதிக் காசு கூடப் பெறாது என்பேன்.

உண்மையில் பலன் கொடுத்தது எதை எங்கே ஊற்றுவது என்ற தெளிவுதான். எண்ணெய்ப் பிசுக்கு காரத்துக்குத்தான் விடும், உப்புக் கறை அமிலத்துக்குத்தான் விடும். எண்ணெய்த் தரையில் எத்தனை பாட்டில் ஆசிட் ஊற்றினாலும் வழுக்கல் போகாது, காசுதான் போகும். அவர்கள் டாஸ்கி என்ற பிராண்டின் கிளீனிங் மருந்துகளைக் கொண்டுவந்தார்கள். தரைக்கு ஆர்2, கண்ணாடிக்கு ஆர்3, க்ளோசெட்டுக்கு ஆர்6. தரைக்கும் க்ளோசெட்டுக்கும் ஊற்றிய கையோடு தேய்க்கக் கூடாது, ஐந்து பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். எங்கள் பழைய ஆட்களுக்கு அந்தப் பொறுமை வரவே நாளானது. முத்து அக்கா முதலிலேயே முறைத்தார். “அண்ணாச்சி, ஆசிட் வாடை அடிச்சாத்தான் கழுவுன மாதிரி இருக்குன்னு கெஸ்டே சொல்லுதாவ.” சொல்வதும் உண்மைதான். சுத்தத்தை மூக்கால் அளக்கிற பழக்கம் நம்மூரில் அவ்வளவு லேசில் போகாது. ஆனால் அதே அக்காதான் ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரும் தூவுவார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, ஜன்னல் இல்லாத பாத்ரூமில் மூச்சு முட்டிவிடும். அதை முதலில் நிறுத்தியதற்கே கம்பெனி சூபர்வைசருக்குக் கும்பிடு போடலாம்.

துணியும் நிறம் பிரித்துத் தந்தார்கள். சிவப்பு க்ளோசெட்டுக்கு, மஞ்சள் வாஷ்பேசினுக்கு, நீலம் அறைக்கு. சீசன் நெருக்கடியில் சிவப்பு வாளியில் நீலத்துணி கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் இன்றும் நேரில் பார்க்காமல் நம்புவதில்லை. நான் பார்க்கிற இடம் ஒன்றுதான். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை க்ளோசெட் விளிம்புக்கு அடியில் பிடிப்பேன். தண்ணீர் வரும் துளைகளைச் சுற்றிப் பழுப்பாகக் கட்டியிருந்தால், மேலே எவ்வளவு மின்னினாலும் அன்றைக்கு அந்த அறை கழுவவில்லை என்று அர்த்தம்.

சாரல் மாசங்களில் கழுவுவதைவிடக் காய வைப்பதுதான் பெரும்பாடு. வெட் வாக்குவம் மெஷினால் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறார்கள், அது ஒன்றுக்கு மட்டும் மெஷினுக்கு என் ஓட்டு. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத பாத்ரூமில் சீலிங்கில் பூஞ்சை திரும்ப வந்துவிடுகிறது. அதற்கு கிளீனிங் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இனி குறைகள். பாட்டில் அதேதான், உள்ளே சரக்கு வேறு. கொஞ்ச நாளில் மருந்து நீர்த்துப்போய், வாசனையும் மாறியது. இப்போது சீல் உடைக்காத கேன் லாட்ஜுக்கே வர வேண்டும், கலப்பது எங்கள் கண் முன்னால். ஆர்2 என்றால் லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அளவு மூடியிலேயே ஊற்றச் சொல்கிறேன். அடுத்து, ஓணம் வந்தால் சூபர்வைசர் போனை எடுக்கமாட்டார். இங்கே சீசன் கடைசிக் கூட்டம் நிற்கும், அங்கே பூக்களம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பணியாளர்களின் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ரசீதையும் மாசாமாசம் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அவர்கள் கட்டாமல் விட்டால் வேலை கொடுத்த நம்மிடம்தான் கேட்பார்கள். ஒரு தடவை, செப்டிக் டேங்கையும் ஆள் இறக்கிச் சுத்தம் செய்து தருகிறோம் என்றார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். லாரி வைத்து உறிஞ்சுவதற்கு மட்டுமே சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தினசரி வேலை மறுபடி முத்து அக்கா குழுவிடம், அவர்கள் கற்றுக்கொண்ட முறையிலேயே. கம்பெனிக்கு மாசாந்திர வேலை மட்டும். ஓணத்துக்கு மாற்று ஆள் தர வேண்டும் என்று புது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் கையெழுத்தாகித் திரும்பவில்லை.