ப்ளாண்டியின் ‘ஈட் டு த பீட்’: டிவிடி பதிப்போடு பல வருடங்கள்

அமெரிக்க ராக் குழுவான ப்ளாண்டியின் ‘ஈட் டு த பீட்’ ஆல்பத்தின் 2007 பதிப்பு, சிடியோடு கூடவே டிவிடி வைத்து வந்தது, பழைய டிஸ்க் விற்கும் கடை ஒன்றில் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். “வாங்கலாமா? பாட்டெல்லாம் யூடியூபிலேயே இருக்கே?” என்று நண்பர் கேட்டார். நல்ல நேரத்தில்தான் கேட்டார். என் டிவிடி பிளேயர் லென்ஸ் மாற்றி இப்போதுதான் ரிப்பேரிலிருந்து வந்திருக்கிறது. அதில் நான் முதலில் போட்டுப் பார்த்ததே இந்த டிஸ்க்தான். பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது, கேட்டும் பார்த்தும் பழகியது. ஆனாலும் அவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

ஆல்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1979, குழுவின் நான்காவது ஆல்பம், தயாரிப்பு மைக் சாப்மன், பன்னிரண்டு பாட்டு. ஆனால் இந்த டிவிடியில் இருப்பது ஹிட்டான பாட்டுகளின் தொகுப்பு இல்லை. பன்னிரண்டு பாட்டையும், ஒன்று விடாமல், இயக்குநர் டேவிட் மாலட் படமாக்கினார். பாட்டு வீடியோக்களுக்கென்றே வந்த எம்டிவி சேனல் தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி. அதற்கு முன்பே, ஒரு ஆல்பம் முழுக்க வீடியோ எடுத்து, 1980 அக்டோபரில் கேசட்டாகவும் வீடியோடிஸ்காகவும் விற்றிருக்கிறார்கள். அப்போது யாரும் அப்படிச் செய்துகொண்டிருக்கவில்லை. பிறகு அது கடைகளில் கிடைக்காமலே போய், 2007-இல்தான் முதல்முறையாக டிவிடியாக வந்தது. அதற்காகவே நான் இதை வாங்கினேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு ஆறாத குறை ஒன்று இருக்கிறது. அது கேமரா. ‘ப்ளாண்டி’ என்றால் பாடகி டெபி ஹாரியின் பெயர் என்று ஊரெல்லாம் நினைத்தபோது, ‘ப்ளாண்டி ஒரு குழு’ என்று பேட்ஜ் அடித்து விநியோகிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு வந்தது. இந்த வீடியோக்களை எடுத்தவர் அந்த பேட்ஜைக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. கேமரா ஹாரியின் முகத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வருவதில்லை. மற்ற ஐந்து பேரும் அவர் தோளுக்குப் பின்னால் வந்து போகிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு பாட்டில் என்றால் சரி, விட்டுவிடலாம். பன்னிரண்டிலும் இதே கதை.

வேறு எந்த ஆல்பமாக இருந்தாலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அட்டையைத் திருப்பி, எந்தப் பாட்டை யார் எழுதியது என்று பாருங்கள். கீபோர்டு வாசிக்கும் ஜிம்மி டெஸ்ட்ரியின் பெயர் ஐந்து பாட்டில் இருக்கிறது. ‘அட்டாமிக்’ அவரும் ஹாரியும் சேர்ந்து எழுதியது. ‘யூனியன் சிட்டி ப்ளூ’வை ஹாரியோடு சேர்ந்து எழுதியவர் பேஸ் கிட்டாரிஸ்ட் நைஜல் ஹாரிசன். ‘விக்டர்’ ஹாரியும் கிட்டாரிஸ்ட் ஃப்ராங்க் இன்ஃபாண்டேயும் எழுதியது. ‘ஷைலா’ இன்னொரு கிட்டாரிஸ்ட் கிறிஸ் ஸ்டைன் தனியாக எழுதியது. ஆறு பேரில் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதாத ஆறாவது ஆள், டிரம்மர் க்ளெம் பர்க், வாசிப்பாலேயே எல்லோரையும் ஓரங்கட்டியிருக்கிறார். அந்தக் குழுவின் ஆல்பங்களில் இதைவிடக் குழுவாகச் சேர்ந்து செய்தது இன்னொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம். அதைப் படம் எடுக்கப் போனவர் ஒருத்தரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

மாலட்டின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. பாடகர் டேவிட் போவிக்கு ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ வீடியோ எடுத்தவர் அவர், பின்னாளில் குயின் குழுவுக்கு ‘ஐ வான்ட் டு ப்ரேக் ஃப்ரீ’ எடுத்தவரும் அவர்தான். வேலை தெரிந்த ஆள். ஹாரியோ, கேமரா தன்னைப் பார்க்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் நிற்பார். அப்படி ஒருவர் நடுவில் இருக்கும்போது லென்ஸை வேறு பக்கம் திருப்புவது எந்த இயக்குநருக்கும் கஷ்டம்தான். அதோடு, வீடியோ ஆல்பம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட அவருக்கு முன்னால் மாதிரி என்று ஒன்றும் இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘ட்ரீமிங்’ ஓட ஆரம்பித்தால் இந்த நியாயமெல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

‘ட்ரீமிங்’தான் ஆல்பத்தின் முதல் பாட்டு. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ஸ்வீடன் பாப் குழுவான ஆபாவின் ‘டான்ஸிங் குயீன்’ தனக்குத் தூண்டுதலாக இருந்தது என்று கிறிஸ் ஸ்டைன் சொல்லியிருக்கிறார். மெட்டைக் கேட்டால் தெரியும். ஆனால் அதற்கு அடியில் பர்க் செய்கிற வேலைக்கு ஆபாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சாதாரணமாக டிரம்மர் என்பவர் சரணம் முழுக்கத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பகுதிக்குப் போகும் இடத்தில் மட்டும் ஒரு உருட்டு உருட்டுவார். பர்க் இந்தப் பாட்டில் பல்லவியும் சரணமும் பார்க்காமல் உருட்டிக்கொண்டே போகிறார். ஹாரி ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு உருட்டு. அடுத்த வரி தொடங்கிவிட்டதே என்று நிறுத்துவாரா என்று பார்த்தால் இல்லை, குரலுக்குக் கீழே டாம்-டாமில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிஷம் கையை எடுக்காமல் வாசித்தும் பாட்டு எந்த இடத்திலும் தடுமாறவில்லை. இது சும்மா ஒரு ஒத்திகை வாசிப்பு, இதையே வைத்துக்கொள்வார்கள் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று பர்க் பிறகு சொல்லியிருக்கிறார். வைத்துக்கொண்ட சாப்மனுக்கு ஒரு கும்பிடு.

இதன் அருமை முழுசாகத் தெரிய, முந்தைய ஆல்பத்திலிருந்து ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ஸை ஒருமுறை கேட்டுவிட்டு வர வேண்டும். அதில் ரோலண்ட் சிஆர்-78 என்ற தாளப் பெட்டி ஓடும், அது போட்ட கோட்டைத் தாண்டாமல் பர்க் வாசித்திருப்பார். அடுத்த வருடமே அதே ஆளை அதே தயாரிப்பாளர் அவிழ்த்துவிட்டதுதான் ‘ட்ரீமிங்’. இப்படி வாசிப்பது உடம்பை என்ன பாடுபடுத்தும் என்று பார்க்க, இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பர்க்கையே வருடக்கணக்கில் சோதித்தார்கள். மேடையில் அவருடைய இதயத்துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150 வரை இருந்தது, சில நேரம் 190-ஐத் தொட்டது. கால்பந்து வீரர்களோடு ஒப்பிட்டார்கள். 2025 ஏப்ரலில் பர்க் காலமானார். அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தில் நான் கேட்பது முக்கால்வாசி அவரைத்தான்.

கேட்கத்தான் முடிகிறது, பார்க்க முடிவதில்லை என்பதுதான் என் வருத்தம். இந்த வீடியோக்கள் எல்லாமே ஓடுகிற பாட்டுக்கு வாயசைத்து எடுத்தவை. ஆகவே பர்க்கும் அங்கே வாசிப்பதாக நடிக்கத்தான் செய்கிறார். இருந்தாலும், நடிக்கும்போதுகூட அடக்கி வாசிக்கத் தெரியாத மனிதர் அவர். கேமரா அந்தப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தோள், முடி, கை எல்லாம் சேர்ந்து ஆடுகிறது. ‘சரி, இப்போது நிற்கும்’ என்று நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் மறுபடி ஹாரியின் முகம் வந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் ஏமாற்றம் புதிதாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்த டிவிடியால் எனக்குப் பலனே இல்லையா என்றால், உண்டு. வாங்கும்போது நான் எதிர்பார்க்காத பலன். வெறும் சிடியாகக் கேட்ட காலத்தில் ‘ட்ரீமிங்’, ‘யூனியன் சிட்டி ப்ளூ’, ‘அட்டாமிக்’ மூன்றையும் கேட்பேன், மற்றதில் பாதியைத் தாண்டிவிடுவேன். படத்தோடு பார்க்கும்போது அப்படித் தாண்டத் தோன்றுவதில்லை. அடுத்து என்ன காட்டப்போகிறார்கள் என்ற ஆவலிலேயே உட்கார்ந்துவிடுகிறோம், அந்தச் சாக்கில் பாட்டு காதுக்குள் போய்விடுகிறது. ‘ஸ்லோ மோஷன்’ இப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. டெஸ்ட்ரி லாரா டேவிஸோடு சேர்ந்து எழுதியது, மோடவுன் என்ற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனியின் பழைய பாட்டுகளின் வாசனை அடிக்கும். இதை ஏன் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளியிடவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ‘விக்டர்’ இன்னொன்று. வெறும் சிடியில் அது எனக்குக் கத்தலாக மட்டும்தான் கேட்டது. இப்போது கேட்டால், ஆண் குரல்கள் கும்பலாக ஒரு பக்கம் முழங்க, ஹாரி தொண்டை கிழிய எதிர்ப்பக்கம் நின்று அலறுவது ஒரு குட்டி நாடகம் மாதிரி இருக்கிறது. அதற்கு முன்னால் வருவது ‘சவுண்ட்-அ-ஸ்லீப்’ என்ற தாலாட்டு. தூக்கம் வராதவருக்கான தாலாட்டு. அந்த மெதுவான நான்கு நிமிஷத்தைத் தாண்டாமல் கேட்டால்தான் ‘விக்டர்’ ஆளைத் தூக்கிப் போடும். ஆல்பத்தில் ‘டை யங் ஸ்டே ப்ரெட்டி’ ஜமைக்காவின் ரெக்கே தாளத்தில் ஆடிக்கொண்டு வரும், அப்புறம் ‘ஸ்லோ மோஷன்’, அப்புறம் ‘அட்டாமிக்’. இந்த வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது இந்த டிவிடிதான். யூடியூபில் தனித்தனியாகப் பார்த்தால் இது கிடைக்காது. நண்பரின் கேள்வியில் அந்தப் பாதிக்கு இதுதான் என் பதில்.

ஹிட் பாட்டுகளுக்கு நடந்தது நேர் எதிர். ‘யூனியன் சிட்டி ப்ளூ’வை நியூ ஜெர்சியில் வீஹாக்கன் என்ற இடத்தில், யூனியன் டிரை டாக் என்ற கப்பல் பழுதுபார்க்கும் துறையில் எடுத்தார்கள். மேலேயிருந்து பார்க்கும் காட்சியும் ஆற்றங்கரையும் பிரமாதம், அதில் குறை சொல்ல மாட்டேன். ‘அட்டாமிக்’கில் அணுகுண்டு விழுந்த பிறகும் நடக்கிற ஒரு நடன விடுதி மாதிரி செட். குப்பைப் பை போன்ற ஆடையில் ஹாரி. ஆடுகிற கூட்டத்தில் அன்றைக்குப் பிரபல மாடலாக இருந்த ஜியா கராஞ்சியைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் எனக்குப் படத்தில் இல்லை. ஆல்பத்தில் இருக்கிற 4 நிமிடம் 40 விநாடிப் பதிப்பின் நடுவில் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, நைஜல் ஹாரிசனின் பேஸ் முன்னால் வந்து நிற்கும். சிங்கிளில் அதை வெட்டிவிட்டார்கள். பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது வெட்டிய பதிப்புதான். அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத்தான் எனக்குப் பிடிக்கும். இப்போது கண்ணை மூடினாலும் குப்பைப் பை ஆடைதான் வந்து நிற்கிறது.

படத்தின் தரம் எப்படி என்றும் நண்பர் கேட்டார். 1979 வீடியோ டேப், அவ்வளவுதான். பழைய கனமான டிவியில் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. இன்றைய அகல டிவி அந்தச் சதுரப் படத்தை இரண்டு பக்கமும் இழுத்து எல்லோர் முகத்தையும் உப்ப வைக்கிறது. டிவியில் 4:3 என்று மாற்றிக்கொண்டால் தீர்ந்துவிடும்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு ஆற்றாமையான விஷயம். இதே ஆல்பத்தை 2001-இல் ஒலியைச் சீர்செய்து வெளியிட்டபோது கடைசியில் நான்கு மேடைப் பதிவுகளைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒன்று போவியின் ‘ஹீரோஸ்’. 1980 ஜனவரியில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் வாசித்தது. 1977-இல் போவியின் மூலப் பாட்டுக்குக் கிட்டார் வாசித்த ராபர்ட் ஃப்ரிப்பே ப்ளாண்டியோடு அந்த மேடையில் வாசிக்கிறார். ஃப்ரிப்பின் கிட்டார் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக, அதற்குப் பின்னால் பர்க் அடிக்கிற அடி இருக்கிறதே, அதைக் கேட்டவருக்கு மறக்காது. 2007 பதிப்பில் அந்த நான்கையும் எடுத்துவிட்டார்கள். டிவிடியைக் கொடுத்து இதைப் பிடுங்கிக்கொண்ட கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பர்க் வாசிப்பது போல நடிக்கிற படம் உள்ளே வந்திருக்கிறது, அதுவும் அரைகுறையாக. அவர் ஜனம் முன்னால் நிஜமாக வாசித்த பதிவு வெளியே போயிருக்கிறது. ஒரு சிடியில் எழுபது நிமிஷத்துக்கு மேல் இடம் உண்டு. ஆல்பமோ முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இடம் போதவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பாதி விலையானாலும் வேண்டாம். அந்தக் காசுக்கு 2001 பதிப்பைத் தேடிப் பிடியுங்கள், ‘ஹீரோஸ்’ ஒன்றுக்காகவே தேடலாம். வீடியோ பார்க்க ஆசையாக இருந்தால் என்னுடைய டிஸ்க்கைத் தருகிறேன். ‘டை யங் ஸ்டே ப்ரெட்டி’யில் தொடங்கி ‘விக்டர்’ வரை ஒரே மூச்சில் பாருங்கள். ‘ட்ரீமிங்’ வரும்போது மட்டும் டிவியை அணைத்துவிட்டு, சிடியைப் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.