ஆகஸ்ட் லீவில் கணிதம்: டியூஷனா, அபாகஸா, ஒலிம்பியாட் வகுப்பா, ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியா?

தரம் 7 பிள்ளை தரம் 9 கணக்கைச் சிரமமில்லாமல் செய்கிறதென்றால், லீவில் தரம் 10 பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அட்டனிலோ பண்டாரவளையிலோ அதற்கு டியூஷன் வகுப்பும் இருக்கும். அதை விட்டால் அபாகஸ், கண்டியிலோ ஸூமிலோ நடக்கும் ஒலிம்பியாட் (கணிதப் போட்டி) வகுப்பு, இணையத்தில் இலவசக் கணக்குகள், வீட்டிலேயே சில கணக்குகளை விளக்கத்தோடு எழுதிப் பழகும் ஒரு கொப்பி. எங்கள் வீட்டில் கொப்பியைத்தான் தெரிந்தெடுத்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

டியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடத்தில் ஓட்டை உள்ள பிள்ளைக்கு அது நல்லது. முன்னே ஓடும் பிள்ளைக்கு அது சிக்கலைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். தரம் தாண்டி ஏற்றும் வழக்கம் நம் பாடசாலைகளில் இல்லை. லீவில் படித்த காரணிப்படுத்தலைப் பிறகு வகுப்பில் வாரக்கணக்கில் மறுபடி கேட்க வேண்டிவரும். அலுப்பைப் போக்கப் போய் அலுப்பை வாங்கி வைத்த கதை.

அபாகஸ் கைவேகத்தையும் மனக்கணக்கையும் கூட்டும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேகம் ஏற்கனவே இருக்கிறது.

வெளிநாட்டு முகாம்களைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் 1957இல் அர்னால்ட் ராஸ் தொடங்கிய நிகழ்ச்சியும், பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ப்ரோமிஸும் ஆறு வாரம் எண் கோட்பாட்டிலேயே (முழு எண்களின் இயல்புகளை ஆராயும் கணிதம்) பிள்ளைகளை மூழ்கடிப்பவை. இரண்டும் பதின்ம வயதின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். கட்டணம், விசா, விமானச் சீட்டு எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது. ஆனால் விண்ணப்பத்தோடு அவர்கள் கேட்கும் கணக்குகளைக் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு கணக்கோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவது எப்படியிருக்கும் என்று அதிலேயே விளங்கும்.

உண்மையான போட்டி ஒலிம்பியாட் வகுப்பு, இணையம், கொப்பி இந்த மூன்றுக்கும் இடையில்தான். கட்டணம், தூரம், ஆசிரியரின் பெயர் எல்லாவற்றையும் விட இங்கே ஒரே விஷயம்தான் தீர்மானிக்கும்: பிள்ளை எழுதியதை வரி வரியாக யார் வாசிக்கிறார்கள்?

ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைக்கு விடை வரும், விளக்கம் வராது. "பார்த்தாலே தெரியுதே" என்று எழுதிவிடும். பாடசாலையில் அதற்கும் முழுப் புள்ளி கிடைத்துவிடும். இலங்கை 1995 முதல் பங்குபற்றும் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் இரண்டு நாளும் நாலரை மணித்தியாலம் வீதம் மொத்தம் ஆறே கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. வெறும் விடைக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கவராயத்தால் பெரிய வட்டம் ஒன்று வரையச் சொல்லுங்கள். பரிதியில் 2 புள்ளி வைத்து அவற்றை இணைக்கும் நேர்கோட்டை, அதாவது நாணை, போட்டால் வட்டம் 2 துண்டாகும். 3 புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 4, அடுத்து 8, அடுத்து 16. ஆறு புள்ளிக்கு 32 என்று பிள்ளை வரையாமலே சொல்லும். வரைந்து எண்ணினால் வருவது 31. ஆனால் புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்துவிட்டால் நடு நாண்கள் மூன்றும் ஒரே இடத்தில் வெட்டி 30தான் வரும், எண்ணியது பிழையென்று பிள்ளையும் குழம்பும். ஆகவே புள்ளிகளைக் கோணல்மாணலாக வைக்கச் சொல்ல வேண்டும். 31 ஏன் என்பதுதான் அந்த வாரத்து வேலை. நாண்கள் 15. நாலு புள்ளி எடுத்தால் சரியாக ஒரு வெட்டு, அப்படி 15 வெட்டு. ஒவ்வொரு நாணும் ஒரு துண்டைக் கூட்டும், ஒவ்வொரு வெட்டும் இன்னொன்றைக் கூட்டும். முழு வட்டம் என்ற 1ஐயும் சேர்த்தால் 31. இதைத் தானே கண்டு, இன்னொருவருக்குப் புரிகிறபடி எழுத ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

ஒலிம்பியாட் வகுப்பில் சேர்ப்பதென்றால் இதை அளவுகோலாக வையுங்கள். "திருத்திய தாள் ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சரி, பிழை அடையாளம் மட்டும் இருந்தால் அது பழைய வினாத்தாள் பயிற்சி வகுப்பு. வரிக்குப் பக்கத்தில் "இது ஏன்?" என்று எழுதியிருந்தால் காசு கொடுக்கத் தகும். அப்படி ஒன்று கிடைத்தால் கொப்பியை விட அதுவே மேல், மறுக்கவில்லை. ஆனால் அட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் முடிந்தது. ஆகஸ்டில் மேற்குச் சரிவில் மழை வேறு. பதுளைப் பக்கத்தாருக்கு மழைக்கவலை இல்லை, தூரம்தான்.

இணையத்தில் அல்குமஸ் என்ற கணக்குப் பயிற்சித் தளம் இலவசம், பிள்ளையின் திறமைக்கேற்பக் கணக்குகளும் கடினமாகிக்கொண்டே போகும். ஆனால் பார்ப்பது இறுதி விடையை மட்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளம் பிள்ளைகள் எழுதியனுப்பும் தீர்வுகளில் நல்லவற்றை வெளியிடும், ஆனால் ஒவ்வொருவருக்கும் திருத்தம் வராது. இரண்டையும் கணக்கு எடுக்கும் களஞ்சியமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி கொப்பி. வாரத்துக்கு மூன்று கணக்கு போதும், ஐந்தானால் அவசரம் வந்துவிடும். கணக்குகளை என்ரிச்சிலிருந்தும், பிரித்தானியக் கணித அறக்கட்டளையின் ஜூனியர் சவால் பழைய தாள்களிலிருந்தும் எடுக்கலாம். அந்தத் தாளில் 60 நிமிடத்துக்கு 25 கேள்வி. முதல் பதினைந்தை விட்டுவிட்டு, 16 முதல் 25 வரையானவற்றை மட்டும் போட்டோ கொப்பி எடுத்து, தெரிவு விடைகளை வெட்டி எறிந்துவிடுங்கள். ஐந்து விடை கண்முன் இருந்தால் பிள்ளை பின்னோக்கிப் பொருத்திப் பார்த்து முடித்துவிடும். கொப்பியின் இடப்பக்கம் கிறுக்கலுக்கு, அதில் அழிறப்பர் கூடாது. வலப்பக்கம் திருத்தமான பிரதி. 40 நிமிடம் முயன்றும் நகரவில்லையென்றால் மூடிவைத்து மறுநாள். மூன்றாம் நாள்தான் ஒரு குறிப்பு, விடையல்ல.

அம்மா அப்பாவுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் பாதித் திருத்தம் நடக்கும். சத்தமாக வாசிக்கச் சொல்லி "இது ஏன்?", "எல்லா எண்ணுக்கும் வருமா?" என்று கேட்டாலே ஓட்டை தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் அக்காவோ அண்ணாவோ, பாடசாலைக் கணித சேரோ வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு படத்துக்கு ஒரு பக்கம், பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. பென்சில் மங்கலாகத் தெரியும், பிரதிக்கு நீலப் பேனை. பார்ப்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: தீர்வை எழுதித் தர வேண்டாம், பிழைபட்ட வரியின் கீழ் கோடு போட்டால் போதும். அப்படிப் பார்க்க ஒருவரும் அகப்படாவிட்டால் கொப்பி வழி இரண்டு வாரத்தில் படுத்துவிடும். அந்த நிலையில் ஸூம் வகுப்புக்கே என் வாக்கு.

தரம் 5க்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு இதே முறை பொருந்துமென்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் எழுதச் சொல்வதே விருப்பத்தைக் கெடுக்கலாம், புதிர்களும் விளையாட்டும் போதுமென்றே நினைக்கிறேன்.

தமிழ்மொழி மூலப் பிள்ளைக்கு ஒரு தடங்கல் வரும்: நல்ல கணக்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முழுக்க மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் 8 கணித நூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டும் இலவசமாக உள்ளன. ஒரே பாடத்தை இரண்டிலும் திறந்து வைத்து, முதன்மை எண், காரணி, மீதி, நாண், நிறுவல் போன்ற சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையே சோடி சோடியாக எழுதட்டும். முதல் வாரத்திலேயே முப்பது சொல் சேர்ந்தால் என்ரிச் கணக்குகளைத் தானாக வாசிக்கத் தொடங்கலாம்.