ஸ்விஃப்ட்டுக்கு 15 இஞ்ச் வீல்: ரசமட்டம் வைத்துக் காட்டிய கடை

எங்கள் வண்டி 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனி டயர் 165/80 ஆர்14; அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 இஞ்ச். வேலை நிமித்தமாக வாரம் ஒருமுறை கோவையிலிருந்து குன்னூர் போய் வருகிறேன். டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்தபோது, மலைப்பாதை மழைக்கு அகலமான டயராகப் போடலாம் என்று ஆசைப்பட்டேன். முதலில் போன கடையில் அலாய் வீலோடு (உலோகக் கலவை ரிம்) 205/65 ஆர்15 மாட்டினார்கள். "ஒண்ணும் ஆகாதுங்ணா, வண்டி நல்லா நிமிர்ந்து நிக்கும்" என்றார் கடைக்காரர். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் சர்ரென்று உரசல். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் வேகத்தடையிலும் அதே சத்தம். பர்லியாறு தாண்டி, வழக்கமாக இரண்டாவது கியரில் ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர் கேட்டது. 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்று மாதம் பொறுத்தேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் நண்பர் சொன்ன இரண்டாவது கடைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கிருந்த தம்பி முதலில் டிக்கியைத் திறந்து 14 இஞ்ச் ஸ்டெப்னியை எடுத்தார். கழற்றிய என் 205 வீலை அதன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் மேலும் கொத்தனார் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிவிட்டது. 205-ஐ நகர்த்திவிட்டு 185/65 ஆர்15 மாட்டிய வீல் ஒன்றை நிறுத்தினார். குமிழி நடுவில் நின்றது. "ரிம் பெருசானா டயரோட பக்கச்சுவர் குறையணுங்ணா, மொத்த உயரம் மாறக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழைய டயரின் விட்டம் 619.6 மி.மீ., 185/65 ஆர்15 போட்டால் 621.5. என் 205 டயரோ 647.5! நாலரை சதவீதம் அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட 88 மி.மீ. கூடுதலாக ஓடும், கியரை நீட்டிவிட்ட மாதிரிதான், ஏற்றத்தில் இழுவை போனது இதனால். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே 80-ஐக் காட்டும்போது வண்டி 83-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய கிலோமீட்டரையும் மீட்டர் குறைத்துக் காட்டுவதால், மைலேஜ் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. ஸ்விஃப்ட்டின் ஹப், அதாவது வீலின் நடுத்துளைக்குள் உட்காரும் வட்டப் பகுதி, 54.1 மி.மீ.; வெளியில் வாங்கும் அலாய்களில் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும். முதல் கடையில் போடவே இல்லை. நாலு பிளாஸ்டிக் வளையம், அவ்வளவுதான். அது இல்லாமல் ஒரு குடும்பத்தை நெடுஞ்சாலைக்கு அனுப்பியதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அலாயை வைத்துக்கொண்டு, ஹப் ரிங் போட்டு, டயரை மட்டும் 185/65 ஆர்15-க்கு மாற்றினேன். எடை தாங்கும் எண் 88, அதாவது டயருக்கு 560 கிலோ. பழையது 85, 515 கிலோ. பக்கச்சுவரில், டயர் தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நாலு இலக்க எண்ணையும் காட்டித்தான் மாட்டினார்கள். தயாராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் கையோடு முடிந்தன.

இப்போது ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. உரசல் இல்லை, நடுக்கம் இல்லை, இரண்டாவது கியர் திரும்பி வந்துவிட்டது. ஈரச்சாலை வளைவில் வண்டி நழுவாமல் பிடித்துப் போகிறது. பக்கச்சுவர் 12 மி.மீ. குறைந்ததால் குழிகளில் முன்பைவிடத் தூக்கிப்போடுகிறது; பின்சீட்டில் அம்மாவுக்கு அது தெரிகிறது. பழைய 14 இஞ்சோடு ஒப்பிட்டால் மைலேஜும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போலக் குறைந்திருக்கிறது. நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் 14 இஞ்சிலேயே இருக்கலாம். மலை ஏறுகிறவர்கள் 185/65 ஆர்15 போடுங்கள். ஸ்விஃப்ட்டின் மேல் ரகமான இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவுதான் இது. அதற்கு மேல் போக வேண்டாம்.

இரண்டாவது கடைக்கு ஐந்துக்கு ஐந்து. ஞாயிறு காலை கூட்டம் அதிகம், வார நாளில் போங்கள்.