அறுவையா, ஊசியா, காத்திருப்பா: மீட்டெடுத்த பெட்டைப் பூனைக்கு எது தகும்?

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மனையின் மணல் குவியலிலிருந்து தன்னார்வலர் ஒருவர் மீட்டெடுத்த மூவண்ணப் பூனை, கடந்த தை மாதத்தில் பெரம்பூரில் உள்ள எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும். செம்மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே அதற்குக் காரணம். மல்லி என்று பெயர் வைத்தோம். பால்பற்கள் எல்லாம் விழுந்து நிலைப்பற்கள் முளைத்திருந்ததால் ஆறு மாதத்தைக் கடந்தவள் என்று மருத்துவர் சொன்னார். கருத்தடை செய்யப்பட்ட தெருப்பூனைகளுக்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவது வழக்கம். மல்லியின் காதுகள் இரண்டும் முழுமையாக இருந்தன. விலாப்பக்கத்திலும் அடிவயிற்றிலும் மயிரை விலக்கிப் பார்த்தபோது தழும்பு எதுவும் தென்படவில்லை.

அன்று மாலையே எங்களுக்கு நான்கு விதமான அறிவுரைகள் கிடைத்துவிட்டன. உடனே கருத்தடை அறுவை செய்துவிடுங்கள் என்றார் மீட்டவர். முதலில் வீட்டுக்குப் பழகட்டும், மூன்று வாரம் கழித்துச் செய்யலாம் என்றார் மருத்துவர். ‘ஒரு தடவையாவது பெத்துப் பார்க்கட்டும்மா, வாயில்லா ஜீவன், பாவம்’ என்றார் கீழ்வீட்டுப் பாட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும், கத்தியே வேண்டாம் என்று வேறொரு மருந்தகத்தில் சொன்னார்கள். இந்த நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட தெளிவை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வழிகளுக்கும் இடையிலான போட்டிதான் உண்மையிலேயே கடினமானது. உடனடி அறுவைக்குச் சாதகமாகச் சொல்லப்படுவது, பூனையின் உடலே அவகாசம் தருவதில்லை என்பதுதான். பெட்டைப் பூனை நான்கு மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். இணை சேரத் தவிக்கும் அந்தப் பருவம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் வரும். இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படும் உடலமைப்பு பூனைக்கு இருப்பதால், கடுவனோடு கழித்த ஒரே ஓர் இரவு பெரும்பாலும் வீண்போவதில்லை. அமெரிக்காவில் பூனைக் கருத்தடைக்கான கால்நடை மருத்துவர் குழு ஒன்று, ஐந்து மாதத்துக்குள் அறுவையை முடித்துவிட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. மல்லி அந்த வயதை ஏற்கெனவே தாண்டியிருந்தாள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பூனையின் பருவத்தைப் பகல் வெளிச்சத்தின் நீளம் ஆள்கிறது. டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிடும் லண்டன் போன்ற ஊர்களில், குளிர்காலத்தில் பெட்டைப் பூனைகளுக்குச் சில மாதங்கள் பருவமே வராமல் போகலாம். சென்னையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினோரு மணி நேரத்துக்குக் கீழே இறங்குவதில்லை; அதன்மேல் வீட்டு விளக்குகள் வேறு இரவு வரை எரிகின்றன. ஆகவே அயல்நாட்டுப் பூனை நூல்களைப் படித்துவிட்டு, மார்கழி தை மாதங்களில் அவசரமில்லை என்று நம்பியிருப்பது இங்கே பொருந்தாது.

காத்திருப்புக்குச் சொல்லப்படும் காரணங்களும் இலேசானவையல்ல. பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் உடலுக்குள் நுழைந்த பிறகு அறிகுறி தென்படப் பத்து நாள் வரை ஆகலாம்; அந்த இடைவெளியில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறப்பது பேராபத்து. மூக்கொழுகலையும் கண்புண்ணையும் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பல பூனைகளின் உடலில் உறங்கிக் கிடக்கிறது. இடமாற்றத்தின் அழுத்தம் அதை எழுப்பிவிடும். தெள்ளும் குடற்புழுவும் இரத்தத்தை உறிஞ்சியதால் சோகை பிடித்திருந்தால் அதையும் முதலில் சரிசெய்ய வேண்டும். இவற்றோடு மனம் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது: கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராத பூனையை மூன்றாம் நாளே கூண்டுக்குள் தள்ளி, அறுவை முடித்து, வலியோடு அதே அறைக்குக் கொண்டுவந்தால், அந்த வீட்டின் முதல் நினைவே அதற்கு அந்த வலியாக அமைந்துவிடும். பூனைக் காப்பகங்கள் மீட்ட சில நாட்களிலேயே அறுவை செய்கின்றன, பெரும்பாலும் நன்றாகவே முடிகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அவர்களுக்கு இடமும் நாளும் குறைவு. ஒரு பூனையை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை.

என்னுடைய தீர்ப்பு காத்திருப்பின் பக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பூனையின் உடல்நிலையைவிட வீட்டின் ஜன்னல்கள்தான் தீர்மானிக்கின்றன. எல்லா ஜன்னலுக்கும் கம்பிவலை உள்ள, வாசற்கதவை யாரும் திறந்துபோடாத வீடென்றால் இரண்டு முதல் மூன்று வாரம் காத்திருக்கலாம். முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள தனிவீடு, நாள் முழுவதும் திறந்திருக்கும் வாசல், பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் என்றிருந்தால், மருத்துவர் உடல்நிலை சரியென்று சொன்ன அடுத்த நாளே அறுவை செய்வது நல்லது. பூனையைக் கட்டிவைத்துக் காப்பேன் என்பதெல்லாம் நடக்காத காரியம்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். மல்லியைச் சிறிய அறையொன்றில் தனியே வைத்திருந்தோம். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. மூன்றாம் நாள் மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்தும், மூன்று வைரஸ் நோய்களைத் தடுக்கும் ட்ரைகேட் தடுப்பூசியின் முதல் தவணையும் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் காலை அவள் தரையில் உருளத் தொடங்கினாள். வயிற்று வலியோ என்று நான் பதறிப்போனேன். முதுகைத் தடவியதும் முன்கால்களை மடக்கித் தாடையைத் தரையில் பதித்து, பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு, பின்னங்கால்களால் நின்ற இடத்திலேயே மிதித்தாள். அடித்தொண்டையிலிருந்து எழுந்த அந்த நீண்ட கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். பதினோராம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சமையலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டு ஓடினேன். தலை பெருத்த சாம்பல் நிறக் கடுவன் ஒன்று சன்ஷேடில் நின்று, ஜன்னல் வலையின் ஓரத்தில் ஆணி கழன்ற இடத்தில் தலையை நுழைத்திருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத திறப்பு அது. மல்லியின் அறைக்கதவு மட்டும் சாத்தியிராவிட்டால், நான் இந்தக் கட்டுரையை ஐந்து பூனைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். அன்று காலையிலேயே தச்சரை வரவழைத்து வலைக்கு மேல் மரச்சட்டம் வைத்து அறைந்தோம்.

பருவத்தில் இருக்கும்போதே அறுவை செய்யலாமா என்பது இதற்குள் எழும் கிளைக்கேள்வி. செய்யலாம், ஆனால் அப்போது கருப்பையின் இரத்தக்குழாய்கள் பருத்து, திசுக்கள் எளிதில் கிழியும் நிலையில் இருக்கும் என்பதால், பல மருத்துவர்கள் அது அடங்கும் வரை பொறுக்கச் சொல்வார்கள். எங்கள் மருத்துவரும் அப்படியே சொன்னார். கத்தல் நின்ற நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த பருவம் வருவதற்குள் கிடைத்த இடைவெளியில், இருபத்திரண்டாம் நாள் அறுவை நடந்தது.

பாட்டி சொன்ன வழியை நான் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. தாய்மையை ஓர் உயிருக்கு மறுக்கிறோமே என்ற உறுத்தல் நல்ல மனத்தில்தான் பிறக்கும். ஆனால் ஒருமுறை ஈன்றால் பூனையின் உடலுக்கு நன்மை என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை, தீமைக்கோ இருக்கிறது. பூனைகளுக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் புற்றுநோய்க் கட்டிகளாகவே இருக்கின்றன. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த நோயின் அபாயம் 91 விழுக்காடும், ஓராண்டுக்குள் செய்தவற்றுக்கு 86 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. இரண்டாவது வயதில் செய்தவற்றுக்குக் கிடைத்த பயன் மிகச் சொற்பம். ஒன்பது வாரச் சினைக்காலம், அதன்பின் குட்டிகள் பால் மறக்கும் வரை இரண்டு மாதம், பால் வற்ற மேலும் இரண்டு வாரம் என்று கணக்கிட்டால், மல்லிக்கு அந்த முதல் ஆண்டு ஏறக்குறைய முழுவதும் கைநழுவிப் போயிருக்கும். பாலூட்டும் காலத்திலேயே அவள் மறுபடியும் சினையாகவும் கூடும். பிறக்கும் நான்கைந்து குட்டிகளும் எந்த வீட்டுக்குப் போகும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மல்லியே விடையில்லாத அந்தக் கேள்வியின் ஒரு குட்டிதானே. பாட்டியிடம் இவ்வளவையும் சொன்னேன். ‘அப்போ சரிதான், புண்ணு ஆறுற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்’ என்றார், பார்த்துக்கொள்ளவும் செய்தார்.

மீட்ட பூனை வீட்டுக்கு வரும்போதே சினையாக இருந்தால் கேள்வி வேறாகிவிடும். மூன்றாம் வாரத்தில் முலைக்காம்புகள் இளஞ்சிவப்பாகத் தடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்; ஸ்கேன் உறுதிசெய்யும். தொடக்கத்திலேயே தெரிந்தால் அறுவையோடு சினையையும் நீக்க முடியும். அதை ஏற்க முடியாதவர்கள் குட்டிகளுக்கு வீடு தேடும் பொறுப்பையும் சேர்த்து ஏற்க வேண்டும். அங்கே யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஊசியைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதில் இருப்பது மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து. இந்திய அரசு 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அதே மருந்து. மாத்திரையாகத் தருவது மெஜெஸ்ட்ரோல். கத்தி இல்லை, செலவு குறைவு, கூண்டில் அடைத்துக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை என்பதால் பலர் இதில் மயங்குகிறார்கள். ஆனால் பூனையின் உடல் இந்த ஹார்மோனை மனித உடலைப் போல ஏற்பதில்லை. இளம்பூனைகளுக்குச் சில வாரங்களிலேயே முலைகள் அத்தனையும் வீங்கிக் கனத்துப் புண்ணாகலாம். கருப்பையில் சீழ் கோக்கலாம், நீரிழிவு வரலாம், மார்பகப் புற்றின் அபாயமும் கூடுகிறது. சினையாக இருப்பது தெரியாமல் போட்டுவிட்டால், உரிய நாளில் ஈன முடியாமல் குட்டிகள் வயிற்றிலேயே இறந்துபோகலாம். மீட்ட பூனையின் கடந்த காலம் தெரியாது என்பதால் இந்த ஆபத்தைத்தான் நான் முதலில் நினைத்தேன். எனக்கு ஊசியைப் பரிந்துரைத்த இடத்தில் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை, வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வருங்காலத்தில் நல்ல ஊசி வரலாம்: அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மரபணு ஊசி ஒரே ஒரு முறை போடப்பட்ட ஆறு பெட்டைப் பூனைகளில் ஒன்றுகூடக் குட்டி போடவில்லை என்று 2023இல் ஆய்வு வெளியானது. அது மருந்துக்கடைக்கு வரும் வரை அறுவைதான் வழி.

அறுவையிலும் தேர்வுகள் உண்டு. கருமுட்டை உருவாகும் சினைப்பையை மட்டும் எடுப்பது ஐரோப்பிய வழக்கம். கருப்பையையும் சேர்த்து எடுப்பது இங்கே பெரும்பாலானோர் கற்றுத் தேர்ந்தது. இளம்பூனைக்கு இரண்டும் ஒரே பலனைத் தருவதால், உங்கள் மருத்துவரின் கை எதில் பழகியதோ அதுவே நல்லது. அடிவயிற்றில் கீறுவதா, விலாவில் கீறுவதா என்பதற்கும் ஏறத்தாழ இதே பதில்தான். பால் சுரக்கும் பூனைக்கு விலாக்கீறல் வசதி. தொடவிடாத பூனையின் புண்ணைத் தள்ளி நின்றே பார்த்துக்கொள்ளவும் அது உதவும். சினைப்பூனைக்கு அடிவயிறே மேல்.

எங்கே செய்வது என்பதில் பணமும் பொறுமையும் எதிரெதிரே நிற்கின்றன. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் செலவு குறைவு, அனுபவம் மிகுதி. ஆனால் நாய்கள் குரைக்கும் கூடத்தில் பூனை வரிசையில் காத்திருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் செலவாகும், நேரம் குறித்துப் போய்வரலாம். அச்சம் மிகுந்த பூனை என்பதால் நான் தனியாரிடம் போனேன். பழகிய, துணிந்த பூனையென்றால் வேப்பேரிக்கே போயிருப்பேன். எங்கே போனாலும் கூண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். வாயு மயக்கமருந்து உண்டா, வலிநிவாரணி எத்தனை நாளுக்கு என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு போட்டு அனுப்பினார்கள். மல்லி அதோடு கதவிலும் கால்களிலும் மோதிக்கொண்டாள். கிண்ணத்தின் விளிம்பில் கூம்பு இடித்ததால் முதல் இரவு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பூனை தொடர்ந்து இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெடத் தொடங்கும் என்பதால், மறுநாள் தட்டையான எவர்சில்வர் தட்டுக்கு மாற்றினேன், சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பாட்டி பழைய பனியனின் கையை வெட்டி, நான்கு கால்களுக்கும் ஓட்டை போட்டு உடுத்திவிட்டார். அதிலேயே பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கும் வரை நிம்மதியாக இருந்தாள். தையல் தெரியும்படி காலையும் மாலையும் துணியை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே அதில் உள்ள குறை.

கருத்தடைக்குப் பிறகு பூனைக்குத் தேவைப்படும் உணவு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடுகிறது, பசியோ கூடுகிறது. ஞாயிறுதோறும் அவளைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, என் எடையைக் கழித்துக் குறித்துவருகிறேன். அறுவை அன்று 2.9 கிலோ, நான்கு மாதம் கழித்து 3.6. சென்ற வாரத்திலிருந்து உலர் உணவை அளவுக்கரண்டியில் தலைதட்டிப் போடுகிறேன்.