எரிக் ஃபிஷல் ஓவியத் தொகுப்பு: நீச்சல்குளத்தின் நடுவே ஒரு தையல்

புல்வெளி, நீச்சல்குளம், விடுமுறை நாள் விருந்து என்று விளம்பரங்கள் ஆசைகாட்டிய அமெரிக்கப் புறநகர் வாழ்க்கையை, அந்த வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளையின் கண்ணால் வரைந்தவர் எரிக் ஃபிஷல். 1948-இல் நியூயார்க்கில் பிறந்த அவர் வளர்ந்தது லாங் ஐலண்டில். ஒன்றைப்போல் ஒன்றாக ஆயிரக்கணக்கான வீடுகளுடன் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு 1947 முதல் எழுந்ததும் அதே தீவில்தான். அவருடைய தாய் குடிக்கு அடிமையாகி, 1970-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தத் தொகுப்பை நான் வாங்கியதே 1982-இல் அவர் தீட்டிய ‘பார்பிக்யூ’ ஓவியத்துக்காக. குளக்கரையில் நிற்கும் சிறுவன் வாயிலிருந்து தீயை ஊதுகிறான். பின்னால் குளத்தில் ஆட்கள் நீந்துகிறார்கள், தந்தை இறைச்சி சுடும் அடுப்பருகே நிற்கிறார், முன்னால் கிண்ணத்தில் மீன்கள் கிடக்கின்றன, ஒருவரும் பதறவில்லை. அடுப்பில் எரிவதும் மகனின் வாயில் எரிவதும் ஒரே நெருப்புதானோ என்று தோன்றும் அந்த இடத்தில்தான் படம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அச்சத்தை வரைய விரும்பும் ஓவியர்கள் பெரும்பாலும் இரவையும் கறுப்பையும் நாடுவார்கள். ஃபிஷலோ எதையும் மறைக்க இடமில்லாத பட்டப்பகல் வெளிச்சத்தில் அதைக் கொண்டுவந்து வைக்கிறார். தூரிகையும் அவசரமானது. உடல்களைச் செதுக்கி முடிக்காமல், சட்டென்று கண்ணில் பட்டதைப்போல் விட்டுவிடுகிறது.

வருத்தம் என்னவென்றால், சுவரில் சுமார் இரண்டரை மீட்டர் அகலம் கொண்ட இந்த ஓவியத்தை இரண்டு பக்கங்களில் பரப்பியவர்கள், புத்தகத்தின் நடுத் தையல் எங்கே விழும் என்று பார்க்கவில்லை. சிறுவனின் வாயை விட்டுக் கிளம்பிய தீ மடிப்புக்குள் போய் மறைந்துவிடுகிறது. பக்கத்தை அழுத்திப் பிடித்தால் நெருப்பு தெரிகிறது, புத்தகத்தின் முதுகு முறுகுகிறது. மற்றபடி அச்சில் குறையில்லை; குளத்து நீலம் மங்காமல் வந்திருக்கிறது.

முன்னுரைக் கட்டுரைதான் என்னைச் சோதித்தது. ஒவ்வொரு ஓவியத்துக்கும் தாயின் மரணத்தையே திறவுகோலாக நீட்டுவதால், ‘இறுதிச் சடங்கு’ (1980) போன்ற படத்துக்குப் பொருந்தும் விளக்கம் மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே படங்களைப் பார்த்துவிட்டு அதைப் படிப்பது நல்லது. ஆடையற்ற உருவங்கள் பல பக்கங்களில் இருப்பதால், வரவேற்பறை மேசையில் போட்டுவைக்கும் புத்தகமும் அல்ல இது. மறுபதிப்பில் ‘பார்பிக்யூ’வை மட்டும் விரித்துப் பார்க்கும் மடிப்புத்தாளாக இணைத்தார்களானால் நான் இன்னொரு பிரதி வாங்குவேன்.