பாளை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பைண்டிங் கடை

பி.இ. இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு நம்பிப் போகலாம். அண்ணா பல்கலைக்கழக வடிவத்தில் இடது ஓரம் 35 முதல் 40 மி.மீ., வலது ஓரம் 20 முதல் 25 மி.மீ. விட வேண்டும். பைண்டிங் இடப்பக்கத்தைத் தின்றுவிடும், அதற்குத்தான் அந்தக் கூடுதல் இடம். கடை அண்ணாச்சி ஒரு தாள் மட்டும் அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்த பிறகே மீதியை ஓட்டுகிறார். இந்த அக்கறைக்கே காசு கொடுக்கலாம்.

வேர்டு கோப்பு வேண்டாம். எழுத்துரு மாறி, பக்க எண் நகர்ந்து, பொருளடக்கம் தப்பாகிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். போனஃபைடு (ப்ராஜெக்ட் உங்களுடையதே என்ற சான்றிதழ்) பக்கத்தில் வழிகாட்டி, துறைத்தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கெட்டி அட்டை என்றால் பசை காய நேரம் வேண்டும். வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று காலையில் போய் நின்றால் அட்டை வளைந்துதான் வரும்.

குறை ஒன்று: அட்டையின் தங்க எழுத்தில் இனிஷியல் மாறுகிறது. அச்சுக்கு முன் நீங்களே வாசித்துவிடுங்கள்.