ஏர் வால்வைக் கழற்றுவதற்கு முன் கேஜ் மாட்டிப் பார்க்கும் பட்டறை

வாலிநோக்கம் உப்பளங்களிலிருந்து மதுரைக்கு உப்பு ஏற்றிச் செல்லும் பன்னிரண்டு சக்கர லாரிகள் இரண்டு என்னிடம் உள்ளன. இரண்டிலும் ஒன்பது கியர் கொண்ட கியர்பாக்ஸ்தான் இருக்கிறது. கடந்த ஓராண்டில் இந்த இரண்டு வண்டிகளின் ஏர் வால்வு வேலையையும் ஒரே பட்டறையில் செய்துகொண்டேன். கியர்பாக்ஸில் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பற்றி நம் பகுதியில் விவரம் தெரிந்து வேலை செய்பவர்கள் குறைவு என்பதால், அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிச் செல்லும் 87ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. வாசலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய கியர்பாக்ஸ் கூடுதான் அடையாளம்; உப்பு லாரி, மீன் லாரி ஓட்டுநர்களிடம் ‘கியர் பட்டறை’ என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள்.

முதல் வண்டிக்கு வந்த கோளாறு இதுதான். நான்காவது கியரிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது லீவரை வலப்பக்கம் தட்டினால், பின்பக்க ரேஞ்ச், அதாவது கீழ் வரிசைக் கியர்களிலிருந்து மேல் வரிசைக்கு மாற்றும் பகுதி, உடனே மாறாமல் இரண்டு மூன்று நொடி தாமதித்தே மாறியது. “அண்ணே, அஞ்சாவது விழ மாட்டேங்குது” என்று ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னபோது வண்டி பரமக்குடியைத் தாண்டியிருந்தது. இத்தகைய கியர்பாக்ஸில் கீழ் நான்கு கியர்களும் மேல் நான்கு கியர்களும் ஒரே பல்சக்கரங்களைத்தான் பயன்படுத்துகின்றன. பின்னால் இருக்கும் ரேஞ்ச் பகுதியை ஒரு காற்றுச் சிலிண்டர் லோவிலிருந்து ஹைக்குத் தள்ளுவதால்தான் நான்கு எட்டாகிறது, மிக மெதுவாக நகர்வதற்கான தவழ்கியரோடு ஒன்பதாகிறது. அந்தச் சிலிண்டருக்குப் போதிய காற்று, போதிய வேகத்தில் போகவில்லையென்றால் ரேஞ்ச் பாதி வழியில் நிற்கும். ஓட்டுநர் பொறுமையிழந்து லீவரை அழுத்தினால், கியர் சேரும்போது வேகங்களை ஒன்றாக்கும் சின்க்ரோ கோன் தேய்ந்துபோகும். அது தேய்ந்துவிட்டால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

இங்கே வருவதற்கு முன், வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் காட்டியிருந்தேன். அவர்கள் எதையும் அளந்து பார்க்காமல், ரேஞ்ச் சிலிண்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் ரேஞ்ச் வால்வை முழுதாக மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று நடை லோடு ஓடுவதற்குள் பழைய கோளாறே திரும்பி வந்தது.

இந்தப் பட்டறையின் மேஸ்திரி முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஏர் டேங்க்கில் அழுத்தம் முழுதாக ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு, கியர்பாக்ஸுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளவாகக் கட்டுப்படுத்தும் வால்வான ரெகுலேட்டரின் வெளிவாயில் ஒரு டீ (T) வடிவ இணைப்பைப் போட்டு, அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினார். லீவரைத் தொடாமல் இருந்தபோது கேஜ் முள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. “இதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வால்வு நல்லாருக்குனு முடிவு பண்ணிடுறாங்க, முதலாளி” என்றபடி, உள்ளே இருந்த பையனை லீவரை ஹைக்குத் தட்டச் சொன்னார். முள் பாதிக்கும் கீழே விழுந்து, ஆற அமர மேலே ஏறியது. நிற்கும்போது அழுத்தம் சரியாக இருந்தாலும், காற்று பாயும்போது வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்துப் பிரித்தார். வடிகட்டியில் தாரைப் போலக் கருப்பாக ஒட்டியிருந்தது கம்பிரசரிலிருந்து வந்த எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கசடு. வால்வு அமர்ந்து காற்றை அடைக்கும் இருக்கையின் குறுக்கே, முடியைப் போல மெல்லிய வெள்ளை இழை ஒன்று கிடந்தது. முந்தைய பட்டறையில் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துண்டு அது. காற்று வால்வு இணைப்புகளில் டேப் சுற்றக் கூடாது, திரவ சீலண்ட்டை மரையின் முதல் சுற்றை விட்டுவிட்டுப் பூச வேண்டும் என்று அவர் சொன்னதை அப்போதுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

நம் கரையோரத்துக்கே உரிய கேடு இன்னொன்றும் அந்தத் துணியின் மேல் கிடந்தது. ரெகுலேட்டரின் அலுமினிய உடலில், இரும்புத் திருகுகள் இறங்கும் துளைகளைச் சுற்றி, வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் வரும் உப்புச் சாரலுக்கே இரும்பு தாங்காது. ஈர உப்பை ஏற்றும் வண்டியில் தார்ப்பாயை மீறி உப்புநீர் சேசிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். அலுமினியமும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். அந்தப் பொடி உட்துளைக்குள்ளும் இறங்கிச் சுவரில் குழி விழுந்திருந்தால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் அடங்கிய ரிப்பேர் கிட் போடுவது வீண் செலவு, முழு வால்வையும் மாற்றிவிட வேண்டும் என்பது மேஸ்திரியின் விதி. டார்ச் அடித்து, நகத்தால் உட்சுவரைத் தடவிப் பார்க்க என்னையும் சொன்னார். வழவழப்பாக இருந்ததால் கிட்டோடு வேலை முடிந்தது.

கிட்டிலும் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். கடையில் விலை குறைவாகக் கிடைத்த கிட்டின் ஓ-ரிங்கையும், கம்பெனி கிட்டின் ஓ-ரிங்கையும் வெர்னியரில் அளந்தபோது முன்னதின் கனம் கண்ணுக்கே தெரியும் அளவு குறைந்திருந்தது. புதிய ஓ-ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸைப் பூசியது பூசாதது போல் விரலால் தொட்டுத்தான் வைத்தார். சேசிஸ் கிரீஸை அப்பினால் சின்னத் துளைகள் அடைபட்டுப் பழைய கதையே தொடரும்.

இரண்டாவது வண்டியின் நோய் வேறு. ரேஞ்ச் வால்வின் எக்ஸாஸ்ட் துளையில், அதாவது காற்றை வெளியே விடும் துளையில், ஓயாமல் ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் வந்தது. நானே வால்வு போய்விட்டது என்று தீர்மானித்துப் புது வால்வு வாங்க மதுரைக்கு ஆள் அனுப்பத் தயாராகிவிட்டேன். மேஸ்திரி லீவரை ஹையில் வைக்கச் சொல்லி, சிலிண்டரின் லோ பக்கத்து ஹோஸை மட்டும் கழற்றினார். அந்த நிலையில் லோ பக்கம் காற்றே இருக்கக் கூடாது. கழற்றிய ஹோஸிலிருந்து காற்று வந்தால் வால்வில் குற்றம். சிலிண்டரின் வாயிலிருந்து வந்தால் பிஸ்டன் ஓ-ரிங்கில் குற்றம். காற்று சிலிண்டரிலிருந்துதான் வந்தது. வால்வுக்குச் செலவிட வேண்டிய தொகையில் சிறு பகுதியோடு ஓ-ரிங் மாற்றிக்கொண்டு திரும்பினேன்.

கூடவே கியர்பாக்ஸின் மூச்சுத்துளையான பிரீதரில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை பொங்குகிறதா என்றும் பார்த்தார். ரேஞ்ச் சிலிண்டரின் தண்டு ஓ-ரிங் கசிந்தால் காற்று கியர்பாக்ஸுக்குள்ளேயே புகுந்து, உள்ளழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைத் தள்ளி எண்ணெயை வெளியேற்றும். அதைப் பார்த்துவிட்டுச் சீல் மாற்றிக்கொண்டே இருக்கும் வண்டி உரிமையாளர்களை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டறையில் நிழலுக்குத் தகரக் கொட்டகை ஒன்றுதான், அதுவும் இரண்டு வண்டிகளுக்கு மேல் கொள்ளாது. சித்திரை வெயிலில் ஓட்டுநர் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடக்க வேண்டியதுதான். பில் கேட்டால் துண்டுத்தாளில் எழுதித் தருகிறார், கணக்குக்கு அது உதவாது. முழு வால்வு தேவைப்பட்டால் மதுரையிலிருந்து வரும்வரை வண்டி நிற்கும், கையிருப்பு வைப்பதில்லை. கூலியும் மற்ற பட்டறைகளைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் கேஜ் மாட்டிப் பார்த்துக் குற்றம் வேறிடத்தில் என்று தெரிந்தால், பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார் என்பதால் இதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை.

அழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டால், ஒரே எண்ணை எல்லா வண்டிகளுக்கும் சொல்லமாட்டார். அமெரிக்க ஃபுல்லர் வகைக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ரெகுலேட்டர் சுமார் 60 பிஎஸ்ஐக்கு, அதாவது 4 பாருக்குச் சற்று மேல் நிற்கும். மற்ற தயாரிப்புகளில் அளவு வேறு. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ரேஞ்ச் மெதுவாக மாறுகிறதென்று திருகைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றிவிடுவது சிலரிடம் உள்ள பழக்கம். அதனால் ரேஞ்ச் அறைந்ததுபோல் மாறிச் சின்க்ரோவைத்தான் உடைக்கும். முழுத் தானியங்கிக் கியர்பாக்ஸில் பிரஷர் கன்ட்ரோல் வால்வு என்பது எண்ணெய் அழுத்தத்தை ஆளும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு. அந்த வேலையைத் தொடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

வேலை முடிந்து கிளம்பும்போது அவர் இட்ட கட்டளைகளை இப்போது ஓட்டுநர்கள் கடைப்பிடிக்கிறார்கள். தினமும் இரவு ஏர் டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். உப்பு இறக்கிய கையோடு கியர்பாக்ஸ் பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை ஆண்டுக்கொரு முறை மாற்றுவது என் பொறுப்பு. டேங்க்கில் வடிவது தெளிந்த நீராக இல்லாமல் எண்ணெயாக இருந்தால், வால்வை விட்டுவிட்டுக் கம்பிரசரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். முதல் வண்டி வேலை பார்த்து எட்டு மாதமாகிறது. ஐந்தாவது கியர் தட்டியதும் விழுகிறது.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்க்கவும், தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும். காலை எட்டு மணிக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், உதிரிபாகம் கையில் இருக்கும் பட்சத்தில் அன்று மாலையே லோடுக்குப் போகலாம். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லவும். இல்லையென்றால் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.